பேர் வெட்டிய லெப்டொப்

யசோதினியின் லெப்டொப்புக்குத் தூங்கத் தெரியாது. மூடி வைத்தால் தூங்குவதுபோலப் பாவனை காட்டும். காலையில் திறந்தால் செத்துக் கிடக்கும்.

"நீ செஞ்சு குடுத்ததுதானேண்ணே, அதான் உன்ன மாதிரியே இருக்கு. படுத்தமா தூங்கினமான்னு இல்லாம விடிய விடிய எதையோ நோண்டிக்கிட்டே கெடக்குது" என்று அதைத் தன் அண்ணனின் மேசைமேல் வைத்தாள்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியொன்றின் மேல்மாடியில் அந்த மேசை இருந்தது. கடை ஸைத்துடையது. போனும் லெப்டொப்பும் திருத்தும் கடை. சுதேஷ் அங்கே வேலைக்குச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கண்ணாடி உடைந்த ஒரு லெப்டொப்பின் உள்ளுறுப்புகளையும் தண்ணீரில் விழுந்த இன்னொன்றின் கண்ணாடியையும் சேர்த்து அவன் உருவாக்கியதுதான் இது. தங்கைக்கு விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் கிடைத்தபோது கொடுத்தான். அவள் படிப்பிப்பது மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில். தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், பிறந்து வளர்ந்த அதே லயத்து வரிசைவீட்டில் அம்மா மூக்காயியோடு இருந்துகொண்டுதான் போய்வந்தாள்.

"கரண்ட் இருந்தா பரவால்லண்ணே. மழ பேஞ்சா ஏதாச்சும் ஒரு மரம் கம்பிமேல சாஞ்சிருது. நேத்து அமீபா படம் காட்டலாம்னு தூக்கிட்டுப் போனேன். தெறந்தா இருட்டு. அப்புறம் நானே கரும்பலகைல வரைஞ்சேன்."

"எப்பிடி வந்திச்சு?"

"கொத்துரொட்டி மாதிரி வந்திச்சு. புள்ளைங்க பசிக்குது டீச்சர்ங்கிறாங்க."

பக்கத்து மேசையில் இருந்த ஸைத் சத்தம் போட்டுச் சிரித்தார். சுதேஷ் சிரிக்கவில்லை. அவன் ஏற்கெனவே லெப்டொப்பைத் திறந்து உள்ளே போய்விட்டிருந்தான். ஒரு பழுது கையில் கிடைத்தால் அவன் முகம் மாறிவிடும். பழுதைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்ததை யாருக்காவது சொல்லிக்காட்டுவதில்தான் அவனுக்குச் சந்தோஷம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அதற்காகவே வருவார்கள். மீதிப்பேர் அதற்குப் பயந்து ஸைத்தின் மேசைக்குப் போவார்கள்.

"யசோ, லெப்டொப் தூங்குதுன்னா என்னான்னு நெனைக்கிற?"

"ஆரம்பிச்சிட்டியா? சொல்லு, சொல்லாம விட மாட்ட."

சொன்னான். வேலை செய்துகொண்டிருக்கும் லெப்டொப் என்பது ஒரு மேசையும் ஓர் அலுமாரியும் உள்ள அறை மாதிரி. எழுதிக்கொண்டிருப்பதெல்லாம் மேசைமேல் பரப்பிக் கிடக்கும். முழுதாக நிறுத்தும்போது எல்லாவற்றையும் அலுமாரியில் அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். மூடித் தூங்கவைக்கும்போது அப்படி இல்லை. மேசைமேல் கிடப்பது கிடந்தபடி இருக்க, விளக்கை மட்டும் அணைக்கிறோம். அதனால்தான் திறந்த உடனே விட்ட இடத்தில் இருந்து தொடர முடிகிறது. ஆனால் அந்த மேசை ஒரு மாதிரியான மேசை. கொஞ்சமாவது கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதன்மேல் இருப்பது நிற்கும், இல்லாவிட்டால் மறந்துபோகும். அந்தக் கொஞ்சம், மெய்யாகவே கொஞ்சம்தான். நல்ல பெட்டரியில் வாரக்கணக்காக ஓடும்.

"அப்ப என்னோடத யாரு தின்னுறது?"

"அதத்தான் மெஷின்கிட்டயே கேக்கப் போறோம்."

கறுப்புச் சன்னலொன்றைத் திறந்து ஏதோ தட்டினான். வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. தூங்கிய நேரம், விழித்த நேரம், விழிக்கவைத்தது எது என்று எல்லாம் அதில் வந்தது. ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

"பாரு. மூடி வெச்ச பொறகும் இது முழுசாத் தூங்கல. அப்பப்ப முழிச்சு நெட்வேர்க்கத் தேடுது. கொம்பனிக்காரனோட கணினி எங்கயோ தூரத்துல இருந்து, 'இருக்கியா, எங்க இருக்க'ன்னு கேக்கும். இது, 'இருக்கேன், இன்ன எடத்துல இருக்கேன்'னு பதில் சொல்லிட்டுத் திரும்பத் தூங்கும். தொலைஞ்சு போனா கண்டுபிடிக்கிறதுக்காக வெச்ச ஏற்பாடு. கண்டியில அது கண்ண மூடித் தெறக்கிற வேல. நம்ம மேல்கணக்குல சிக்னல் எங்க இருக்கு? கெடைக்கிற வரைக்கும் தேடுது. மலையப் பாத்துக் கத்திக்கிட்டே இருக்குது."

யசோதினி வாயில் இருந்த ரோல்ஸை விழுங்கிவிட்டுக் கண்களை விரித்தாள்.

"பெரட்டு!"

"என்னா?"

"பெரட்டுண்ணே. இது பெரட்டுக்குப் பதில் சொல்லுது."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. விடியற்காலையில் தொழிலாளர் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். இருக்கிறேன் என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அவர்களின் அப்பா காளிமுத்து அதைக் காலம் முழுக்கச் செய்தவர். கடைசிக் காலத்தில் காய்ச்சலில் படுத்திருந்தபோதும், யாரும் கூப்பிடாமலே தூக்கத்தில் திடீரென்று "இருக்கேங்கய்யா" என்பார். பிள்ளைகள் இருவரும் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"அப்பா மாதிரியே" என்றாள் யசோதினி. கையில் ஒட்டிய ரோல்ஸ் தூளைத் தட்டிவிட்டு, "அப்ப இதோட பேர வெட்டிரு" என்றாள்.

தோட்டத்தில் ஓர் ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால் அவருடைய பேரை வெட்டிவிட்டார்கள் என்பார்கள். வெட்டிய பேரைப் பெரட்டில் கூப்பிட மாட்டார்கள்.

லெப்டொப்பைச் செய்து கொடுத்தபோதே சுதேஷ் அமைப்புப் பகுதியில் அதை நிறுத்தித்தான் வைத்திருந்தான். அடுத்த புதுப்பிப்பு வந்ததும் கொம்பனி தன் விருப்பப்படி மறுபடி திறந்துவிட்டிருந்தது. இனி ஒரு வழிதான் இருந்தது. அந்தப் பதில் சொல்லும் வேலையைத் தொடக்கிவைக்கும் மூலக் கோப்பிலேயே கைவைக்க வேண்டும்.

"அதுல கை வெக்காதீங்க தம்பி" என்றார் ஸைத், தலையைத் தூக்காமலே. "மெஷின் எழும்பாமப் போச்சுன்டா தங்கச்சி ஒங்கள அந்தக் கொத்துரொட்டியாக்கிருவா."

"எழும்பும் நானா." ஸைத்தை அவன் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான்.

அந்தக் கோப்பு பூட்டப்பட்ட கோப்பு. லெப்டொப் யாருடையதோ அவரே கடவுச்சொல்லைக் கொடுத்துக் கேட்டாலும் மாற்ற விடாது. அதிலும் ஒரு நியாயம் இருந்தது. உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு கள்ள மென்பொருள் உள்ளே வந்தாலும் அதுவும் மாற்ற முடியாது அல்லவா? அதனால் வீட்டுக்காரரையும் கள்ளனையும் ஒன்றாகவே வாசலில் நிறுத்திவிடும். சுதேஷ் இதைச் சொல்லிக்கொண்டே லெப்டொப்பை அணைத்து, விசைகளை அழுத்திப் பிடித்தபடி மறுபடி போட்டான். பெரிய அமைப்பு எழும்புவதற்கு முன்னால் எழும்பும் சின்ன அறையொன்று இருக்கிறது. அங்கே போய்க் காவலைக் கீழே இறக்கி, கோப்பைத் திறந்து, வேண்டிய வரியைத் தேடிப் பிடித்தான். அந்த வரியின் முடிவில் 'ஆம்' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. அவ்வளவுதான். ஒரு சொல். அதை அழித்து 'இல்லை' என்று அடித்தான்.

மாற்றிய கோப்பை லெப்டொப் ஏற்றுக்கொள்வதற்கான முத்திரையைப் புதுப்பிக்கும்போது ஓர் எச்சரிக்கை வந்தது. சுதேஷ் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினான்.

"இதை மாற்றினால், இந்தக் கணினி தொலைந்துபோனால் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தொடரவா?"

"இது எங்கண்ணே தொலையப் போகுது? லயம், ஸ்கூல். ஸ்கூல், லயம். நடுவுல ஒரு கொய்யா மரம். தொடரு தொடரு."

அவன் விசையை அழுத்தினான்.

போகும்போது படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்து, "அந்தத் தூங்குற கதை நல்லாருக்குண்ணே. பரீட்சைல ஒரு கேள்வி வெக்கப் போறேன்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். "அண்ணே, வெள்ளிக்கெழம மூடினேன். திங்கக்கெழம தெறந்தேன். அப்பிடியே இருக்கு. பொணம் மாதிரி தூங்குதுண்ணே!" பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "வாயக் கழுவுடி. பேச்சப் பாரு." சுதேஷ் அதை ஸைத்துக்கும் போட்டுக் காட்டினான். செய்த வேலை சரியாக வந்துவிட்டது என்பதில் அவனுக்கு இருந்த பெருமை அது.

கார்த்திகை மாதம் அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். சுதேஷ் அம்மாவைக் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் தான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கூட்டிவந்தான். தவணைப் பரீட்சை நெருங்கியதால் யசோதினி வரவில்லை. மழை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நின்று பெய்யும் மழை. கண்ணில் மூடுதுணி கட்டியபடி கட்டிலில் கிடந்த மூக்காயி, கூரையில் விழும் சத்தத்தை வைத்தே, "இது நல்ல மழையில்ல தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலையில் யசோதினி போனில் கூப்பிட்டாள். குரல் விட்டு விட்டு வந்தது.

"கரண்ட் இல்லண்ணே. போன்லயும் சார்ஜ் முடியப் போகுது. நீ பயப்படாத. மேல மண்ணுல ஒரு வெடிப்பு தெரியுதுன்னு சொல்றாங்க. கொஞ்சப்பேரு ஸ்கூலுக்குப் போறாங்க, கொஞ்சப்பேரு பெரட்டுக்களத்துக்குப் போறாங்க. நானும் போயிருவேன்."

"ஒடனே போ புள்ள. எதையும் தூக்கிக்கிட்டு நிக்காத."

"லெப்டொப்ப மட்டும் எடுத்துக்கிறேன். வினாத்தாள் பாதிதான் அடிச்சிருக்கேன். பெட்டரி நெறைய இருக்கு, நீ செஞ்ச வேல. அம்மாவக் கண்ணக் கசக்க வேணாம்னு சொல்லு."

எங்கே போகிறாய், பள்ளிக்கூடத்துக்கா பெரட்டுக்களத்துக்கா என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வி போய்ச் சேரவில்லை. போன் அதற்குள் அணைந்துவிட்டது.

மறுநாள் காலை மேல்கணக்கில் மண் சரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அம்மாவிடம் ரோட்டு வெட்டுப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி, ஸைத்தின் மனைவி றம்லத்தைத் துணைக்கு வைத்துவிட்டு அவன் புறப்பட்டான். ஸைத் கேட்காமலே கூட வந்தார். வத்தேகம வரை அவருடைய மோட்டார்சைக்கிளில் போனார்கள். அதற்கப்பால் ரோட்டில் பாறையும் மரமும் கிடந்தன. நடந்தார்கள். சில இடங்களில் ரோட்டே இல்லை. தேயிலைக்குள் இறங்கி ஏறினார்கள். ஸைத் பாரமான மனிதர். மூச்சு வாங்கியபோதும் உட்காருவோம் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

மேல்கணக்கை முதலில் சுதேஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சை மலையின் நடுவில் யாரோ நகத்தால் கீறி எடுத்ததுபோலச் சிவப்பாக இருந்தது. லயத்தின் ஒரு முனையில் இரண்டு வீடுகள் நின்றன. மற்ற வீடுகள் இருந்த இடத்தில் மண். கொய்யா மரம் இல்லை. கீழே பெரட்டுக்களத்தின் தகரக் கூரையில் பாதி மட்டும் மண்ணுக்கு மேலே சரிந்து தெரிந்தது. பள்ளிக்கூடம் மறுபக்கத் திட்டில் முழுசாக நின்றது.

பள்ளிக்கூடத்தில் தப்பியவர்களை நிறுத்திவைத்துக் கிராம சேவகர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வந்தது. "இருக்கேன்." "இருக்கேங்க." சிலருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பதில் சொன்னார்கள். "காளிமுத்து யசோதினி" என்றார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு முறை கூப்பிட்டார். சுதேஷ் கையைத் தூக்கினான். ஏன் தூக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

அடுத்த வீட்டு ஜெயராஜ் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் மண் காய்ந்திருந்தது.

"நேத்து அந்திக்கு வாசல்ல பாத்தேன் மச்சான். பேக்க மாட்டிக்கிட்டு, லெப்டொப்பக் கைல வெச்சுக்கிட்டு நின்னுச்சு. 'நீங்க முன்னால போங்க, இதக் கொஞ்சம் சுத்தி எடுத்துக்கிட்டு வந்திர்றேன்'னு சொல்லிச்சு. நான் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு வந்துட்டேன். அது வெளிய வந்திச்சா, எந்தப் பக்கம் போச்சு, தெரியலடா. திரும்பிப் பாக்கல நான். திரும்பிப் பாத்திருக்கணும்."

இராணுவத்தினர் மண் தோண்டும் பெக்கோ மெஷின் ஒன்றை எப்படியோ மேலே கொண்டுவந்திருந்தார்கள். மழையில் நனைந்து நின்ற அதிகாரி இளைஞர். சிங்களத்தில், மெதுவாக, அவனுக்கு விளங்க வேண்டும் என்ற கவனத்தோடு பேசினார். மேலே மண் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. மெஷினை அதிக நேரம் நிறுத்திவைக்க முடியாது. எல்லா இடத்தையும் தோண்ட முடியாது. தங்கை இருந்த இடம் வீடா, வீட்டிலிருந்து பெரட்டுக்களத்துக்கு இறங்கும் பாதையா, பள்ளிக்கூடப் பாதையா? ஏதாவது ஓர் இடத்தைக் காட்டினால் அங்கே தொடங்கலாம்.

"போன் இருந்ததா?"

"செத்துப்போச்சு சேர்."

"வேறே ஏதும்? கைக்கடிகாரம், லெப்டொப்? தொலைந்தால் கண்டுபிடிக்கிற மாதிரி? இன்னோர் இடத்தில் அப்படித்தான் ஒருவரைக் கண்டுபிடித்தோம்."

சுதேஷ் ஸைத்தின் போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் என்று எல்லாரும் ஏறி நிற்கும் பாறைமேல் ஏறினான். யசோதினியின் கணக்கை உருவாக்கியவன் அவன்தான். கடவுச்சொல்லும் தெரியும். என்ன வரும் என்றும் தெரியும். தெரிந்தும், ஒருவேளை, ஒருவேளை, புதுப்பிப்பு ஏதாவது வந்து கொம்பனி மறுபடி திறந்துவிட்டிருந்தால்?

வரைபடம் மெல்ல மெல்ல விரிந்தது. மழைத்துளிகளைச் சட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். ஒரு புள்ளி வந்தது.

புள்ளி கண்டியில் இருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில். கடைத்தொகுதியின் மேல். அவனுடைய மேசையின் மேல். அவன் அந்தச் சொல்லை மாற்றிய நாளின் திகதி கீழே இருந்தது.

பாறைக்குக் கீழே வந்து நின்ற அதிகாரி எட்டிப் பார்த்தார். "அப்படியென்றால் லெப்டொப் கண்டியில் இருக்கிறதா?"

"இல்ல சேர். அவகிட்டத்தான் இருக்கு."

"அப்போ ஏன் இப்படிக் காட்டுகிறது?"

எந்தப் பழுதையும் எவருக்கும் விளங்கவைக்கக் கூடியவன் அவன். அந்தக் கேள்விக்கு முன்னால் போனைச் சட்டையால் துடைத்துக்கொண்டே நின்றான். ஸைத்தான் அவனுக்கும் அதிகாரிக்கும் நடுவில் வந்து, சிங்களத்தில், அந்த வசதி அதில் வேலை செய்வதில்லை என்று சுருக்கமாகச் சொன்னார்.

"அப்படியானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அதிகாரி.

சுதேஷ் யோசித்தான். சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். நேரம் பிடித்திருக்கும். உள்ளேதான் இருந்திருப்பாள். கையை நீட்டி வீடு இருந்த இடத்தைக் காட்டினான்.

அங்கே தோண்டினார்கள். கதவு நிலை வந்தது. அம்மாவின் சில்வர் குடம் வந்தது. யசோதினி வரவில்லை. மேலிருந்து மண் உதிரத் தொடங்கியதும் மெஷினைக் கீழே கொண்டுபோனார்கள். இனி மழை விட்டபிறகுதான் என்றார்கள்.

மழை விட்டு, வேறு எவரையோ தேடிக்கொண்டு வந்தவர்கள்தான் அவளைக் கண்டார்கள். பெரட்டுக்களத்துக்கு இறங்கும் பாதையில், தகரக் கூரையைத் தொட்டுவிடும் தூரத்தில். பள்ளிக்கூடப் பை தோளில் அப்படியே இருந்தது.

மூடுதுணி அவிழ்த்த கண்ணோடு மூக்காயி முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது மகளின் சவப்பெட்டியை. கண்ணைக் கசக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் கசக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தன்பாட்டில் ஓட இருந்தாள்.

எல்லாம் முடிந்து சில வாரங்களுக்குப் பின்னால் சுதேஷ் பையைக் கடைக்குக் கொண்டுவந்தான். பையின் வெளிப்பக்கம் மண்ணாகி இறுகியிருந்தது. உள்ளே, கொழுந்து பறிக்கப் போகும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்கு. தடித்த, தண்ணீர் புகாத துணி. அதை மடித்து மடித்துச் சுற்றி, மேலே பொலித்தீன் பையும் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தாள். முடிச்சுகூட அழகாக இருந்தது. இதற்குப் பிடித்த நேரத்தில்தான் மற்றவர்கள் முன்னால் போயிருந்தார்கள்.

அவன் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸைத் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"தம்பி, நான் ஒன்டு சொல்லட்டா. மண்ணுக்குள்ள ஈந்து சிக்னல் வராது. அதுவும் ஈரமண். தண்ணி சிக்னலக் குடிச்சிரும், நீங்கதானே எனக்குச் சொல்லித் தந்த. கம்பி அறுந்து டவரும் விழுந்து கெடந்திச்சி. நீங்க அதத் தொடாம விட்டீந்தாலும் ராவைக்கு முழுக்கத் தேடித் தேடி விடியக்கொள்ள பெட்டரி முடிஞ்சீக்கும். ஒரு பிரயோசனமும் வந்தீக்காது."

"தெரியும் நானா."

"பொறகென்ன?"

"மண்ணுக்குள்ள இருந்து வேணாம் நானா. அதுக்கு முந்தி." சுதேஷ் முடிச்சை அவிழ்த்து, படங்கை விரித்து நீவிவிட்டான். "அந்திக்கு அவ எனக்குப் பேசினா. அப்பக் கொஞ்சம் சிக்னல் இருந்திச்சு. பைய மாட்டிக்கிட்டுப் பாதைல எறங்குறப்ப ஒரே ஒரு தடவ இது கண்ண முழிச்சு 'இருக்கேன்'னு சொல்லியிருந்தாப் போதும். கடைசியாப் பதில் வந்த எடத்தக் கொம்பனிக்காரன் அங்க எழுதி வெச்சிருப்பான். வீடு இல்ல, பாதைன்னு தெரிஞ்சிருக்கும். நான் கைய வீட்டுப் பக்கம் நீட்டியிருக்க மாட்டேன்."

"அப்ப மட்டும் உசுரோட..."

"இல்லன்னுதான் டொக்டர் சொன்னாரு. மண்ணு வந்த அந்த நேரமே முடிஞ்சிருக்கும்னாரு. அது உண்மையா, எனக்காகச் சொன்னதா?"

ஸைத் தலையைக் குனிந்துகொண்டார்.

சுதேஷ் மூடியைத் திறந்தான்.

உள்ளே ஈரம் துளியும் இல்லை. ஒரு நொடி கறுப்பு. பிறகு வெளிச்சம் வந்தது. கடவுச்சொல்லைப் போட்டதும், அவள் விட்ட இடத்திலேயே, விட்டபடியே மேசை திறந்தது. வினாத்தாள். பகுதி இரண்டு. நான்காவது கேள்வியின் முடிவில் சுட்டி மின்னிக்கொண்டிருந்தது: 'நாம் உறங்கும்போதும் நிற்காமல் நடைபெறும் உடற்செயல்கள் இரண்டு தந்து, அவை நின்றால்'

அவ்வளவுதான் அடித்திருந்தாள்.

மேல் மூலையில் பெட்டரியின் அளவு தெரிந்தது. பாதிக்கு மேல் இருந்தது. இத்தனை மழைக்கும் மண்ணுக்கும் அடியில் மேசைமேல் இருந்த ஒரு சொல்லையும் மறக்காமல், எவரிடமும் பேசாமல், ஆழ்ந்து தூங்கியிருந்தது. செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒரு குறை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். செத்துக் கிடந்திருந்தால் அதை அணைத்துக்கொண்டு அழுதிருப்பான்.

வினாத்தாளைச் சேமித்தான். பிறகு லெப்டொப்பை அணைத்து, விசைகளை அழுத்திப் பிடித்தபடி மறுபடி போட்டான். சின்ன அறை திறந்தது. காவலை இறக்கினான். கோப்பைத் திறந்தான். ஸைத் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கைவைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சுதேஷும் எதையும் விளக்கவில்லை. 'இல்லை' என்பதை அழித்து, இருந்த பழைய சொல்லை அடித்தான். முத்திரையைப் புதுப்பித்துக் காவலை ஏற்றினான். இந்த முறை எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய போனில் வரைபடத்துப் புள்ளி ஒருமுறை மங்கி மறுபடி தெளிந்தது. இடம் மாறவில்லை. அதே கடைத்தொகுதி, அதே மேசை. கீழே இருந்த பழைய திகதி மட்டும் போய், 'இப்போது' என்று வந்தது.

லெப்டொப்பை அறைக்குக் கொண்டுபோனான். மூக்காயி இனிக் கட்டுகஸ்தோட்டையில்தான். திரும்பிப் போக லயத்தில் வீடில்லை. மகளின் சேலைகளில் மண்ணிலிருந்து கிடைத்தவற்றைத் துவைத்து அலுமாரியில் அடுக்கியிருந்தாள். லெப்டொப்பையும் வாங்கி, முந்தானையால் துடைத்து, சேலைகளுக்கு நடுவில் வைத்தாள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் சுதேஷ் அதை எடுத்து மின்சாரத்தில் போடுவான். அலுமாரிக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்; இரவெல்லாம் தேடித் தேடிப் பெட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். மாலையில் மறுபடி மூடி அலுமாரிக்குள் வைப்பான். மூக்காயி சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை மாலையில், தேநீரை அவன் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ராத்திரி முழுக்க சும்மாதானே கெடக்குது. என்னாத்தத் தின்னுது இது?"

அவன் தேநீரைக் குடித்தான்.

"நீ சரி செஞ்சு குடுத்திட்டன்னு அவ சொன்னாளே தம்பி. வாரக்கணக்கா நிக்குதுன்னு."

"ஆமாம்மா. சரி செஞ்சிருந்தேன்."

"பொறகு?"

"பழையபடி ஆக்கிட்டேன்."

அவன் போனை எடுத்தான். வரைபடத்தில் புள்ளி கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றுக்கு இந்தப் பக்கம், அவர்கள் உட்கார்ந்திருந்த அறையின் மேல் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. தொலைந்த பொருள் பக்கத்திலேயே எங்காவது கிடந்தால் ஒலி எழுப்பச் சொல்வதற்கு. அதுவரை அவன் அதை அழுத்தியதில்லை.

அழுத்தினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கேட்ட கேள்வி எங்கேயோ தூரத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். அது தூக்கத்திலிருந்து விழிக்க வேண்டும்.

அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவிலிருந்து, மணிபோல ஒரு சத்தம் வந்தது. விட்டு விட்டு, தெளிவாக.

மூக்காயி திடுக்கிட்டு எழுந்தாள். சத்தம் வந்த திசைக்குக் காதைக் கொடுத்தபடி, புதுக் கண்ணால் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்துபோய் அலுமாரியைத் திறந்தாள். மேலே கிடந்த சேலையை விலக்கினாள். இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தாள்.

"இந்தா" என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே. "இந்தா, இங்க இருக்கு."